வடக்குப்பட்டுத் தரிசும் காட்டு முயலும்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் அவ்வூர்க் கோயிலிலிருந்தோ, கோயிற் சுவரிலுள்ள சாசனங்களிலிருந்தோ, அச்சாசனங்களில் பெயர் விளங்கும் மன்னர்களின் பரம்பரையிலிருந்தோ தொடங்குவதுதான் நம் நாட்டு வழக்கம். நெல் விளைந்த நிலத்துக்கு வரி உண்டு, வரி உள்ள நிலத்துக்குக் கணக்கு உண்டு, கணக்கு உள்ள இடத்தில் சரித்திரமும் உண்டு என்ற காரணத்தால் அவ்வழக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் நெல் விளையாத பாகமும் இருந்தது. ஏரிக்கரையின் புறச்சரிவு, மாடு மேய்ந்த மந்தைவெளி, ஒரு காலத்தில் உழுது பின்பு கைவிடப்பட்ட மேட்டு நிலம், காரையும் சூரையும் களாவும் அடர்ந்த முட்புதர்க் காடு ஆகிய இவையெல்லாம் மனிதன் குடியேறிய நாள் முதல் ஊரோடு ஊராகவே இருந்து வந்தபோதிலும், அவற்றின் கதையை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். அத்தகைய நிலத்தின் பூர்வோத்தரத்தை அறிய விரும்புகிறவர்கள், அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஏதேனும் ஒரு பிராணியைப் பின்தொடர்ந்து செல்வதே உத்தமமான வழி. தொண்டை நாட்டு மேட்டு நிலத்தைப் பொறுத்தவரை அந்தப் பிராணி காட்டு முயல்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூர் வட்டத்தில், ஒரகடத்தை அடுத்து இருக்கும் சிற்றூர் வடக்குப்பட்டு. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் இன்று பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஒரகடம் என்றவுடன் நினைவுக்கு வருபவை மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் நூற்றுக்கணக்கான கூடங்களும், இரவு பகல் என்ற பேதமின்றி ஓடும் பாரவண்டிகளுமே ஆகும். அந்த ஆரவாரத்துக்கு நடுவே, 2022-ஆம் ஆண்டில், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையினர் வடக்குப்பட்டின் மேட்டு நிலத்தில் குழிகளை அகழ்ந்து பார்த்தபோது, பல்லவர் காலத்துக் கட்டடச் சிதைவுகளும், சங்க காலத்தைச் சேர்ந்த கண்ணாடி மணிகளும், ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்துக்குச் சாட்சி கூறும் மதுச்சாடி ஓடுகளும், சிறு பொன்னணிகளும் அவர்கள் கைக்குக் கிடைத்தன. இவை யாவற்றினும் பழமையானவை, தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே புதைந்திருந்த கைக்கோடரி, சுரண்டி, வெட்டுக்கருவி முதலிய கல்லாயுதங்கள். அவை ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், வேட்டையாடியும் கிழங்கு கனிகளைச் சேகரித்தும் ஜீவித்த மக்கள் இங்கே தங்கிக் கருவிகளைச் செய்திருக்க வேண்டும் என்றும் நிபுணர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டு வியப்படைந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் இந்தப் பிரதேசத்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இராது. 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் மனிதன் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் வெளிப்பட்டன. பாலாற்றுக்கும் கொற்றலையாற்றுக்கும் இடைப்பட்ட செம்மண், சரளை நிலம் முழுவதும் மனித ஜாதியின் மிகப் பழைய வேட்டைக்களங்களுள் ஒன்று என்பது அன்று முதல் மெல்ல மெல்லப் புலப்பட்டு வருகிறது. வேட்டைக்களம் என்று சொல்லும்போது யானையும் காட்டெருமையும் புலியுமே நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. வேட்டை மக்களின் நித்திய ஜீவனத்தைத் தாங்கியவையோ பெரும்பாலும் சிறு பிராணிகள். அச்சிறு பிராணிகளுள் மேட்டு நிலத்தில் எளிதில் அகப்படக் கூடியதும், ஒரு குடும்பத்தின் ஒருவேளை உணவுக்குப் போதுமானதும் முயல்.

இந்தியத் துணைக்கண்டத்தின் சமவெளிகளிலும் இலங்கையிலும் வாழும் இந்தக் காட்டு முயலை 1823-ஆம் ஆண்டில் பிரெடெரிக் குவியே என்ற பிரெஞ்சுப் பிராணி நூலறிஞர், லெபஸ் நிக்ரிகாலிஸ் என்ற விஞ்ஞான நாமத்தால் வருணித்தார். பழுப்பும் கறுப்பும் கலந்த மேனி, வெண்மையான அடிவயிறு, பிடரியில் கரிய மயிர்த்திட்டு, மேற்புறம் கறுத்த சிறு வால், தலையின் நீளத்தையும் மிஞ்சும் செவிகள் ஆகியவையே அதன் அடையாளங்கள். நன்கு வளர்ந்த முயல் இரண்டு முதல் மூன்றரை கிலோ வரை நிறுக்கும். பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீண்டு பலம் மிகுந்திருப்பதால், அது மேட்டை நோக்கி ஓடும்போது நாய்க்கு எட்டாமல் போய்விடும். சமநிலத்தில் துரத்தப்பட்டாலோ, நேர்கோட்டில் ஓடாமல் திடீர் திடீரென்று பக்கம் திரும்பி, வேகத்தின் மிகுதியால் நாய் தன்னைக் கடந்து ஓடும்படி செய்துவிட்டு, புதருக்குள் மறையும். தலையின் இரு பக்கங்களிலும் புடைத்து அமைந்த கண்கள் முன்னும் பின்னும் மேலும் ஒரே சமயத்தில் பார்க்க வல்லவை. மெல்லிய செவிகளில் பரந்துள்ள இரத்தக் குழாய்கள் கோடைக் காலத்தில் தேகத்தின் உஷ்ணத்தை வெளியேற்றுவதற்கும் உதவுகின்றன.

முயலை எலி, அணில் முதலிய கொறிப்பனவற்றின் இனத்தில் சேர்ப்பதே வெகுகாலம் வழக்கமாயிருந்தது. ஆனால் முயலின் மேல்வாயில், முன்வெட்டுப் பற்களுக்குப் பின்னே இன்னும் ஒரு சிறு ஜோடிப் பற்கள் மறைந்திருக்கின்றன. எலிக்கோ அணிலுக்கோ அவை கிடையா. இந்தப் பல்லமைப்பும் வேறு சில அங்க லட்சணங்களும் காரணமாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முயல்களைத் தனி வரிசையாகவே விஞ்ஞானிகள் கணித்து வருகிறார்கள். அதன் ஜீரண முறையும் விசேஷமானது. புல்லைத் தின்று ஒருமுறை குடலில் பக்குவப்படுத்தி, மிருதுவான உருண்டையாக வெளியேற்றியதை மீண்டும் வாயால் எடுத்து விழுங்கி, அதிலுள்ள சத்தை முழுவதும் கிரகித்துக்கொண்ட பிறகே உலர்ந்த புழுக்கையை நிலத்தில் விடுகிறது. மாடு அசைபோட்டுப் பெறும் பலனை முயல் இந்த வகையில் பெறுகிறது. ஆகையால்தான் மாடும் ஆடும் மேய்ந்து கழித்த வறண்ட புல்லிலும் அதனால் உயிர் தரிக்க முடிகிறது.

இந்த முயல் வளை தோண்டுவதில்லை. புல்லின் நடுவிலோ புதரின் அடியிலோ தன் உடல் அளவுக்குச் சிறிது பள்ளமாக்கி அதில் பகல் முழுவதும் படுத்திருக்கும். முயல் பிடிக்கிறவர்கள் அதைப் படுக்கை என்பார்கள். காலடி அருகில் வரும் வரையில் அசையாமல் கிடந்து, மிதிபடும் தறுவாயில்தான் அது கிளம்பி ஓடும். பொழுது சாய்ந்த பிறகு மேய்ச்சலுக்குப் புறப்பட்டு, விடியுமுன் மறுபடியும் படுக்கைக்குத் திரும்பிவிடும். சூல் கொண்ட தாய் ஏறக்குறைய ஆறு வாரம் கர்ப்பம் தாங்கி, ஒன்று முதல் நான்கு வரை குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் பிறக்கும்போதே மயிர் மூடிய மேனியும் திறந்த கண்களும் உடையவை. பிறந்து சிறிது நேரத்துக்குள் நகரவும் வல்லவை. மறைவிடம் தோண்டாத ஜாதிக்குப் பிறவியிலேயே இந்த ஆயத்தம் அவசியம். குட்டிகளுடன் கூடவே இருந்தால் தன் வாசனையே நரிக்கு வழிகாட்டிவிடும் ஆதலால், தாய் பெரும்பாலும் விலகியே இருந்து, இருளில் வந்து பாலூட்டிவிட்டுச் செல்வது முயலினத்தின் சுபாவம். புதரோரத்தில் தனியே கிடக்கும் குட்டியைத் தாயற்றது என்று எண்ணி வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஜீவகாருண்யம், ஆகவே, அந்தக் குட்டிக்குக் கேடாகவே முடிகிறது.

பட்டணத்துக் கடைகளில் கூண்டுக்குள் விற்கப்படும் வெள்ளை முயலை இதன் உறவென்று கருதலாமே தவிர, இதன் வளர்ப்பு வடிவம் என்று கருதலாகாது. அது ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலுள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் பிரதேசங்களில் தோன்றி, மனிதனால் உலகெங்கும் கொண்டு செல்லப்பட்ட வேறோர் இனம். கூட்டமாக வளை தோண்டி வாழ்வது. ஏறக்குறைய ஒரு மாத காலத்திலேயே கண் திறவாத, மயிரற்ற குட்டிகளை நிலத்தடியில் ஈனுவது. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார் இறைச்சிக்காக வளர்ப்பதும் அவ்வினமே. அவ்வினத்தின் வரலாறு வேறொரு பாடத்தையும் போதிக்கிறது. 1859-ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் பொழுதுபோக்கு வேட்டைக்காகச் சில முயல்களை இறக்குமதி செய்து விட்டார். அவற்றின் சந்ததி அரை நூற்றாண்டுக்குள் அக்கண்டத்தின் பெரும்பாகத்தையும் மூடி, பயிரையும் புல்வெளியையும் அழித்தது. அதை அடக்குவதற்கு 1950-இல் ஒரு கொள்ளைநோயையே வேண்டுமென்று பரப்ப நேர்ந்தது. நம் காட்டு முயலுக்கு அத்தகைய பெருக்கம் இங்கே ஒருபோதும் வாய்க்கவில்லை. நரி, காட்டுப்பூனை, கீரி, கொம்பன் ஆந்தை, ராசாளி, மலைப்பாம்பு, அவற்றோடு மனிதன் என்று எத்தனையோ பேர் அதற்குக் காத்திருந்தார்கள். பல ஜீவன்களுக்கு ஆகாரமாகிக்கொண்டே தான் அழியாமல் நிற்பது என்பதுதான் இந்நாட்டு முயலின் ஜீவித தர்மமாக இருந்து வந்திருக்கிறது.

வடக்குப்பட்டில் கல்லைச் செதுக்கியவர்கள் முயலை உண்டார்களா என்பதை அந்தக் கற்களே நமக்குச் சொல்லிவிடுவதில்லை. எனினும், மத்தியப் பிரதேசத்தில் நர்மதை நதிக்கு அருகிலுள்ள ஆதம்கர் என்னும் இடைக் கற்கால வாசஸ்தலத்தில் கிடைத்த எலும்புகளில், கடமான், புள்ளிமான், முள்ளம்பன்றி, உடும்பு ஆகியவற்றோடு முயலும் இடம் பெற்றிருப்பதைக் கொண்டு, அக்காலத்து மக்களின் உணவில் அதற்கு இருந்த பங்கை நாம் அநுமானிக்கலாம்.

தொண்டை நாட்டைப் பொறுத்தவரையில், அநுமானத்தைக் கடந்து கண்கூடான சித்திரமாகவே நமக்குக் கிடைப்பது, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வரும் வேட்டைக் காட்சி. பரிசில் பெறச் செல்லும் பாணன் காஞ்சிக்கு வரும் வழியில் எயினர் வாழும் வறண்ட காட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. கோடையில் நீர் வற்றிய காலத்தில், நீர் ஊறுவதற்காகத் தோண்டிய பள்ளங்களின் பக்கத்தில் ஒளிந்திருந்து, நடு இரவில் தண்ணீர் குடிக்க வரும் காட்டுப்பன்றியை எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த இரவு வேட்டை பலிக்காமற் போனால், மறுநாள் பகலில் நாய்களை அழைத்துக்கொண்டு சென்று, புதர்களை அடித்துக் கலைத்து, ஒன்றோடொன்று தொடுத்த வலைகளை வேலியாகக் கட்டி, தப்பும் வழியில்லாதபடி முயலை வளைத்துப் பிடித்து, கிடைத்ததைக் கூடிப் பகிர்ந்து உண்கிறார்கள். முயலின் நெடிய செவியைத் தாமரையின் புறவிதழுக்குப் புலவர் ஒப்பிட்டிருப்பது, அந்தப் பிராணியை அவர் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவர் என்பதற்குப் போதிய பிரமாணம்.

இந்தச் சித்திரத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு. பெரிய வேட்டை பொய்த்த நாளில் குடும்பத்தைக் காப்பாற்றியது முயல் என்பது ஒன்று. அதைப் பிடிப்பதற்கு வில்லையோ வேலையோ நம்பாமல், நாயும் வலையும் பலருடைய கூட்டு முயற்சியும் கொண்ட ஒரு முறையை அவர்கள் அநுசரித்தார்கள் என்பது மற்றொன்று. அந்த முறை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் மாறுதல் இல்லாமல் நீடித்தது. இருளரும் நரிக்குறவரும் நம் பாட்டனார் காலத்திலும் புதர்க்காட்டின் ஒரு பக்கத்தில் வலை கட்டி, மறுபக்கத்திலிருந்து ஓசையிட்டுக் கலைத்து முயல் பிடித்தார்கள். புழுக்கையையும் தடத்தையும் பார்த்து, அது வழக்கமாகச் செல்லும் ஒற்றையடியில் கண்ணி வைத்தார்கள். தெற்கே பாண்டி நாட்டுக் கரிசற் சீமையில் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாயினங்கள் பேணி வளர்க்கப்பட்டதற்கு முயல் வேட்டை ஒரு முக்கியக் காரணம்.

சங்க நூல்களில் முயல் எங்கே வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் புன்செய்த் தானியத்தோடு சேர்ந்தே வருகிறது. புறநானூற்றில் கிள்ளிவளவனைப் பாடிய ஆலத்தூர் கிழார், மேட்டு நிலத்து வரகைப் பாலில் சமைத்துத் தேன் கலந்து, சுட்ட முயல் இறைச்சியோடு சுற்றத்தார் உண்பதைப் பாடியிருக்கிறார். வரகும் முயலும் ஒரே இலையில் வந்து சேர்ந்தது தற்செயலான சேர்க்கை அன்று. அவை இரண்டும் ஒரே நிலத்தின் விளைவுகள். முல்லை நிலத்துக் கருப்பொருள்களில் மானோடு முயலையும் பிற்கால இலக்கண நூலார் வைத்ததும் இதே பொருத்தம் பற்றியே ஆகும். ஆனால் வீரத்தை அளக்கும்போது மட்டும் முயலுக்குப் பெருமை கிட்டவில்லை. காட்டு முயலை வீழ்த்திய அம்பைக் காட்டிலும் யானைக்குக் குறி தவறிய வேலை ஏந்துவதே இனிது என்று படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் தீர்ப்பளித்துவிட்டார். இதற்கு ஈடு செய்வதற்காகவோ என்னவோ, வேட்டை நாய்களை எதிர்த்துத் துரத்திய முயலைக் கண்டு, இது வீர பூமி என்று தெளிந்து அங்கே கோட்டை கட்டினார்கள் என்ற ஐதிகம் பாஞ்சாலங்குறிச்சிக்கும் விஜயநகரத்துக்கும் வழங்கி வருகிறது. பிராணி நூல் இதை ஒப்பாது. எனினும் நிலத்தின் குணத்தை முயலைக் கொண்டு சோதிக்கலாம் என்ற எண்ணம் நம் முன்னோர்க்கு இருந்தது என்பதற்கு அக்கதைகள் சாட்சி.

பல்லவர் காலம் தொட்டுத் தொண்டை மண்டலத்தில் ஏரிகள் பெருகின. ஏரியின் கீழ் நஞ்செயும், நஞ்செயைச் சுற்றி ஊர்களும் பெருகின. காட்டுக்கு இதனால் சேதம் விளைந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் முயலைப் பொறுத்தமட்டில் அது முற்றிலும் நஷ்டமாகவில்லை. அடர்ந்த வனத்தில் முயல் செழிப்பதில்லை. புல் முளைக்கும் திறந்த வெளியும், ஒளிந்துகொள்ளப் புதரும் அருகருகே இருக்கும் இடமே அதற்கு இதமானது. ஏரிக்கரையும் அதன் நீர்ப்பிடிப்பு மேடும், மாடு மேய்க்கும் வெளியும், வயலோர வேலியும் அத்தகைய இடங்களை ஊர்தோறும் உண்டாக்கின. சோழர் சாசனங்களில் ஒரு கிராமத்தைத் தானம் செய்யும்போது, உடும்பு ஓடுவதும் ஆமை தவழ்வதுமான நிலம் எல்லாம் உட்பட என்று ஒரு வாசகம் வழக்கமாக வரும். மேட்டையும் பள்ளத்தையும், உழுததையும் உழாததையும் சேர்த்து ஓர் ஊர் என்று மதித்த அந்தப் பழைய சாசனக்காரர், உடும்பு ஓடிய நிலத்தில் கூடவே ஓடிய முயலையும் பேர் சொல்லாமல் உள்ளடக்கிவிட்டார் என்றே கொள்ளலாம்.

ஆங்கிலக் கம்பெனியார் செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் ஜாகீராகப் பெற்ற பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் அதிலுள்ள சுமார் 2,000 ஊர்களையும் அளந்து கணக்கெடுத்தார். சாகுபடி நிலம், தரிசு, காடு, குன்று, ஏரி என்று பகுத்துப் பகுத்து எழுதப்பட்ட அந்தக் கணக்கில், உழாத நிலமும் ஊரின் ஓர் அங்கமாகவே பதிவு பெற்றது. பிற்காலத்து வருவாய்த் துறையின் கண்ணோட்டம் இதற்கு மாறானது. வரி தராத நிலம் குறையுள்ள நிலம் என்றும், அதை எப்படியேனும் உழுவித்துவிட வேண்டும் என்றும் கருதிய அக்கண்ணோட்டமே தரிசு, புறம்போக்கு என்ற பெயர்களுக்கு இன்றுள்ள இளக்காரத்தை ஏற்றியது. இதே காலத்தில் பிராணிகளைப் பற்றிய ஆராய்ச்சியும் வளர்ந்தது. சென்னை ராஜதானியில் வைத்தியராக உத்தியோகம் பார்த்த ஜெர்டன் 1867-இல் வெளியிட்ட இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூலில், தென்னாட்டுக் காட்டு முயலுக்கும் உரிய ஸ்தானம் கிடைத்தது. 1912-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காட்டுப் பறவைகள், மிருகங்கள் பாதுகாப்புச் சட்டம், மான் முதலியவற்றோடு முயலையும் தன் அட்டவணையில் சேர்த்து, வேட்டையாடக் கூடாத பருவங்களை விதிப்பதற்கு இடமளித்தது.

நிலக்கடலைச் சாகுபடி பரவியதும், மேட்டு நிலத்தின் முகம் மீண்டும் மாறியது. கடலையின் இளந்தளிரும் பயறு வகைகளின் முளையும் முயலுக்கு மிகவும் பிரியமானவை ஆதலால், குடியானவனுக்கும் அதற்கும் புதிய பகை மூண்டது. காவல் காத்த இரவுகளில் அகப்பட்ட முயல் மறுநாள் குழம்பாயிற்று. இருந்தும் அது அழியவில்லை. அறுவடையான கொல்லை அதற்கு மேய்ச்சலாகவும், வேலிப் புதர் படுக்கையாகவும் திரும்பத் திரும்பக் கிடைத்துக்கொண்டே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விறகுக்காகப் பரப்பப்பட்ட வேலிக்காத்தான், நாட்டுப் புதர்கள் பலவற்றை நெருக்கி ஒழித்த பொல்லாத மரமே ஆனாலும், முயலுக்கு மறைவிடம் என்ற மட்டில் அதுவும் உதவியது.

வேட்டை ஊரின் விழாவாகவும் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பாலாற்றங்கரையிலுள்ள பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்காக எழுந்தருள்வது இன்றும் நடைபெறும் உற்சவம். அதில் எந்த ஜீவனும் கொல்லப்படுவதில்லை. தென் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் சிவராத்திரியை ஒட்டி ஊரார் திரண்டு சென்ற பாரிவேட்டையிலோ உண்மையாகவே முயல்கள் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முயல் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். இரவில் நெற்றி விளக்கின் ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, திகைத்து நிற்கும் முயலை அடிப்பது இக்காலத்தில் பரவிய முறை. வலை கட்டிப் பிடித்தவனுக்கு வேண்டியிருந்த நில அறிவும் பொறுமையும் அதற்கு வேண்டியதில்லை.

இத்தனை வேட்டைக்கும் தாக்குப் பிடித்த பிராணிக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கடந்த முப்பது ஆண்டுகளில் நேர்ந்தது என்ன என்பதே நம் விசாரணையின் முடிவான பாகம். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்துக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் 640 ஏக்கர் நிலத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், 2012-இல் 400 ஏக்கரில் டெய்ம்லர் பாரவண்டித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இவற்றால் பல்லாயிரம் பேருக்கு ஜீவனோபாயம் கிடைத்தது. வானம் பார்த்த புன்செயை நம்பி இருந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் என்ற நிச்சயம் நுழைந்தது. இந்த நன்மையை மறுப்பவர்கள் கிராம வாழ்வின் கஷ்டத்தை அறியாதவர்களே. ஆனால் தொழிற்பேட்டைக்கு நிலம் தேடுகிறவர்களின் பார்வை, ஈரமான நஞ்செயைத் தாண்டி, உயர்ந்த, உறுதியான, வரைபடத்தில் வெறுமையாகத் தோன்றும் மேட்டு நிலத்தில்தான் முதலில் விழுகிறது. முயலின் வீடும் அதுவே.

வலைக்கும் மதிற்சுவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலனாகிறது. வலை சில முயல்களைப் பிடித்தது; அவை ஓடிய நிலம் அப்படியே இருந்தது; எஞ்சியவை அடுத்த மழைக்குள் இனம் பெருக்கிக்கொண்டன. மதிற்சுவர் ஒரு முயலையும் கொல்வதில்லை. அது மேய்ச்சலையும் படுக்கையையும் பிரித்துவிடுகிறது. இரவில் மேய்ச்சலுக்குப் புறப்படும் பிராணிக்கு, இரவு முழுவதும் விளக்கெரியும் ஆறுவழிச் சாலை கடக்க முடியாத ஆறாகிறது. எச்சிற் சோற்றுக்குப் பெருகிய தெருநாய்கள் நரியின் ஸ்தானத்துக்கு வந்துவிட்டன. நரி தன் பசிக்கு வேட்டையாடியது, நாய்க் கூட்டம் பசியில்லாதபோதும் துரத்துகிறது. தொழிற்சாலை வளாகங்களில் பசுமைக்காக வளர்க்கப்படும் புல்தரை வாரந்தோறும் வெட்டப்படுகிறது. அதில் முயல் படுப்பதற்கு ஒரு புதரும் மிஞ்சுவதில்லை.

காட்டு முயல் உலகத்திலிருந்து மறையப் போகும் பிராணி அன்று. அழியும் அபாயம் குறைந்த இனம் என்றே சர்வதேச நிபுணர்கள் அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். சென்னை நகரத்துக்குள்ளேயே கிண்டித் தேசியப் பூங்காவில் அது வாழ்கிறது. அதே வண்டலூர்ச் சாலையின் தலைமாட்டில், 1985-இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் புதர்க்காடும் வேலியிட்டுக் காக்கப்பட்டு வருகிறது. ஒரு சிறு காட்டையேனும் விட்டு வைத்தால் முயல் தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்பதற்குக் கிண்டியைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. ஆகவே கேள்வி முயலின் இனத்தைப் பற்றியதன்று. பன்னீராயிரம் ஆண்டுகளாக மனிதனும் முயலும் சேர்ந்து வாழ்ந்த ஒரு நிலத்தின் உழாத பாகத்துக்கு நாம் என்ன மதிப்பளிக்கிறோம் என்பதே கேள்வி.

கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊரின் உபயோகத்துக்கே விட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு மாடு மேய்ப்பவனையும் விறகு பொறுக்குபவளையும் கருதிச் சொல்லப்பட்டது. அதைச் செயற்படுத்தினால் முயலும் கௌதாரியும் கீரியும் உடன் பிழைத்துக்கொள்ளும். வடக்குப்பட்டைப் போன்ற ஊர்களில் எஞ்சியிருக்கும் மேய்க்காலையும், ஏரிக்கரைப் புதர்களையும், அகழாய்வு நடந்த மேடுகளையும் முறையாக அளந்து எல்லைக்கல் நாட்டுவது கிராம சபையின் கடமை. தொழிற்பேட்டைகளில் பசுமைக்கென்று ஒதுக்கிய நிலத்தில் ஒரு பகுதியையேனும் வெட்டாமலும் உழாமலும் நாட்டுப் புதருக்கு விட்டுவிடுவது நிர்வாகத்தாரின் கடமை. இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது. தரிசு என்று கணக்கில் எழுதப்பட்ட நிலம் வீணான நிலம் அன்று என்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டால் போதும்; மற்றக் காரியத்தை அந்த நிலத்தின் பழைய குடிகளே பார்த்துக்கொள்ளும்.